மட்டைக்குச் சட்டை

மனிதனுக்குச் சட்டை வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் கிடையாது. தலையணைக்கு உறை வேண்டும். புத்தகத்துக்கு அட்டை வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில், பழுப்புக் காகிதமும் கத்தரிக்கோலுமாகக் குடும்பமே கூடி உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களுக்கு உறை போடுகிற வைபவத்தை நேயர்கள் எல்லோரும் அறிவார்கள். இதிலெல்லாம் யாரும் சண்டை போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கிரிக்கெட் மட்டைக்குச் சட்டை வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரு கேள்வி மட்டும் திண்டுக்கல்லில் நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வருஷம் தவறாமல் பெரிய வாதப் பிரதிவாதத்தைக் கிளப்பி விடுகிறது.

பிள்ளைகளுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று எண்ணெய்க் கட்சி. மற்றொன்று ஷீட் கட்சி. மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, வெறும் மேனியாகவே ஆட வேண்டும் என்பது முதல் கட்சியின் கொள்கை. மட்டையின் முகத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் அது பல காலம் உழைக்கும் என்பது இரண்டாவது கட்சியின் கொள்கை. நாம் விஞ்ஞானம் போதிப்பவர். அதோடு விளையாட்டுச் சாமான் அலமாரியின் சாவியும் பல வருஷங்களாக நம்மிடமே இருந்து வருகிறது. ஆகையால் வழக்கு கடைசியில் நம்மிடம்தான் வந்து சேரும்.

இது அற்பமான வழக்கு என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு நல்ல மட்டையின் விலை, இந்த ஊரில் தினக்கூலிக்குப் போகிற ஒரு தகப்பனாருக்குப் பல நாள் சம்பாத்தியம். பள்ளிக்கூடத்து நிதியிலிருந்து வாங்கலாம் என்றாலோ, அந்த நிதியில் கூடைப்பந்துக்கும் பங்கு உண்டு, சுண்ணாம்புப் பொடிக்கும் பங்கு உண்டு. ஒரு மட்டை ஒரு பருவத்தில் பிளந்து போகிறதா, மூன்று பருவம் நிற்கிறதா என்பதைப் பொறுத்து ஏழெட்டுப் பிள்ளைகள் ஆடுவதும் ஆடாமல் இருப்பதும் தீர்மானமாகிறது. எனவே இந்தச் சட்டை விவகாரத்தைச் சற்று நிதானமாகவே விசாரிப்போம்.

முதலில் மரத்தைப் பற்றி.

மட்டை செய்கிற மரத்துக்கு வில்லோ என்று பெயர். நீரோரத்தில் வளரும் மரம் அது. நம் நாட்டு ஆற்றங்கரைகளில் காணப்படும் ஆற்றுப்பாலை அதற்கு ஒன்றுவிட்ட உறவு. மட்டைக்கு மிகவும் உகந்த வெள்ளை வில்லோவை இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ், ஸஃபோக் முதலிய கிழக்குப் பிரதேசங்களில் பயிர் செய்கிறார்கள். நட்ட கன்று வெட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நம் தேசத்தில் காஷ்மீரத்து வில்லோ பிரசித்தம். அனந்தநாக் ஜில்லாவில் ஸங்கம் என்னும் ஊரில், ஸ்ரீநகருக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரமாகவே மட்டைப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அறுத்த கட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் காற்றில் உலர விட்டிருப்பார்கள். ஆங்கில வில்லோவைவிடக் காஷ்மீர வில்லோ சற்றுக் கனமானது, விலை மலிவானது. திண்டுக்கல் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

வில்லோ மிகவும் மிருதுவான மரம். கட்டை விரல் நகத்தை அழுத்தினால் தழும்பு விழும். இவ்வளவு மிருதுவான மரம் கல் போன்ற தோல் பந்தின் அடியை எப்படித் தாங்குகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மட்டையைச் செய்யும்போதே அதன் முகத்தை இயந்திர உருளையின் கீழ் வைத்து அழுத்துகிறார்கள். மேற்பரப்பிலுள்ள நார்கள் நெருங்கி ஒரு கெட்டியான தோல் உண்டாகிறது. பிறகு மட்டையை வாங்கியவர் அதைக் கொட்டாப்புளியாலோ பழைய பந்தாலோ மணிக்கணக்காக மெள்ளத் தட்டித் தட்டி அந்தத் தோலை இன்னும் இறுக்க வேண்டும். ஆகவே, எண்ணெயோ ஷீட்டோ வருவதற்கு முன்பே மட்டைக்கு ஒரு சட்டை இருக்கிறது. அது மரத்தின் சொந்தச் சட்டை. தட்டிப் பழக்காத மட்டைக்கு எந்த உயர்ந்த ஷீட்டை ஒட்டினாலும் முதல் வாரத்திலேயே விளிம்பு பிளந்துவிடும்.

இரண்டாவது விஷயம், மரத்துக்குள் இருக்கும் ஈரம். நார்கள் மட்டையின் மேலிருந்து கீழாக நீளவாட்டில் ஓடுகின்றன. அடி நுனியில் அவை குறுக்காக அறுபட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. ஈரத் தரையில் மட்டையை ஊன்றிக் கொண்டு பந்துக்காகக் காத்திருக்கும்போது, இளநீர்க் குழல்கள் போல அந்த வாய்கள் தண்ணீரை உறிஞ்சுகின்றன. நுனி வீங்குகிறது. பிறகு வெயிலில் காய்ந்து சுருங்குகிறது. மரம் நீளவாட்டில் அதிகம் சுருங்குவதில்லை, அகலவாட்டில்தான் சுருங்கும். ஆகையால் விரிசலும் நீளவாட்டிலேயே ஓடுகிறது. மட்டைகள் பந்தின் அடியால் மட்டும் சாவதில்லை. ஈரமும் உலர்ச்சியும் மாறி மாறி வருவதாலும் சாகின்றன.

இந்த வியாதிக்குத் திண்டுக்கல் சமவெளி தகுந்த இடம். மேற்கே பழனி மலைத் தொடர், கிழக்கே சிறுமலை, நடுவில் மலைக்கோட்டைப் பாறை காய்ந்து கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையின் கீழ் இருக்கும் அலமாரியைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அதே அலமாரிக்குள் பூஞ்சணம் பூக்கும். மைதானமோ செம்மண். ஆடுகளம் சிமெண்டுத் தளம். அதன்மேல் கயிற்றுப் பாய். சிமெண்டு மட்டையின் நுனியை அரம் போல ராவும். பாய் முகத்தைச் சிராய்க்கும். காலைப் பனியும் மழை ஈரமும் நுனி வழியாக ஏறும். நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் புல் தரையில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சங்கடங்கள் குறைவு. 2016-இல் ஆரம்பமான தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடந்து வருகின்றன. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. 2019 டிசம்பரில் கர்நாடகம் அங்கே தமிழ்நாட்டை 26 ரன் வித்தியாசத்தில் வென்றதை நம் பிள்ளைகள் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஊரில் கிரிக்கெட் மோகம் இரட்டிப்பாகியது. ஷீட் மோகமும் கூடவே வந்தது.

சரி, ஷீட் என்ன செய்கிறது? மூன்று காரியங்களைச் செய்கிறது. சிராய்ப்பைத் தான் வாங்கிக் கொள்கிறது. முகத்தின் வழியாக ஈரம் புகாமல் தடுக்கிறது. மேற்பரப்பில் சிலிர்த்துக் கொண்டு எழும் சிறு நார்களைப் பெயர விடாமல் சேர்த்துப் பிடிக்கிறது. நான்காவதாக ஒரு காரியத்தையும் அது செய்வதாகப் பிள்ளைகள் நம்புகிறார்கள். அதாவது, மட்டைக்கு அதிக பலம் கொடுக்கிறது என்று. அது உண்மையல்ல. பந்தின் அடி காகிதம் போன்ற தாளைத் தாண்டி மரத்துக்குள்தான் போகிறது. ஆழத்தில் ஓடும் விரிசலை மேலே ஒட்டிய தாள் நிறுத்தாது.

ஷீட்டிலும் ஜாதிகள் உண்டு. மெல்லிய தெளிந்த தாள் ஒன்று. மரத்தின் வரிகள் அதன் வழியாகத் தெரியும். கண்ணாடி நாரால் நெய்த வலைத் தாள் மற்றொன்று. இது நார்களை இறுக்கிப் பிடிப்பதில் கெட்டிக்காரன், விளிம்புகளுக்கு விசேஷமாக நல்லது. மூன்றாவது, மலிவான மட்டைகளில் காணும் கனமான வர்ணத் தாள். அதில் புலியும் நெருப்பும் மின்னலும் இருக்கும். மரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இந்த மூன்றாவது ஜாதியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

கனம் கூடிவிடும் என்பது எண்ணெய்க் கட்சியின் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மட்டையின் முகம் சுமார் 11 சென்டிமீட்டர் அகலம், 55 சென்டிமீட்டர் நீளம். அதாவது ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர். கால் மில்லிமீட்டர் கனமுள்ள தாளை அதில் ஒட்டினால் 15 கன சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஏறுகிறது. பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. ஆக 20 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒரு கிலோவுக்கு மேலுள்ள மட்டையில் இது பெரிய பாரமல்ல. ஆனால் எண்ணெயை வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றி ஊற்றி மட்டையைக் குடிக்க வைக்கிற பிள்ளைகள் இதைவிட அதிகக் கனத்தை ஏற்றி, மரத்தையும் மந்தமாக்கி விடுகிறார்கள். கனத்துக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் எண்ணெய்ப் புட்டியைப் பூட்டி வைப்பது நலம்.

இவ்வளவு மெல்லிய மேலுறையைப் பற்றிச் சட்டம் வகுக்க வேண்டியிருந்தது என்றால் நேயர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். மட்டையின் சரித்திரமே மனிதனின் குறும்புகளுக்குச் சட்டம் பின்னால் ஓடி வந்த கதைதான். 1771-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வொய்ட் என்பவர் விக்கெட் முழுவதையும் மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையைக் கொண்டு வந்தார். அதன் பயனாக அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தார்கள். இன்றளவும் அதே அளவுதான். 1979 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி பெர்த் நகரில் அலுமினிய மட்டையோடு இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்துத் தலைவர் பிரேயர்லி ஆட்சேபித்தார். மட்டையை மாற்றச் சொன்னதும் லில்லி அதைத் தூக்கி எறிந்தார். மறுவருஷத்துச் சட்டத்தில், மட்டையின் அலகு மரத்தால்தான் ஆக வேண்டும் என்று எழுதப்பட்டது. பிறகு ரிக்கி பாண்டிங் முதலியோர் ஆடிய மட்டையின் பின்புறத்தில் கரிநார்த் தாள் ஒட்டியிருந்தது. அது சட்டத்துக்கு ஒவ்வாது என்று 2006-இல் மெரிலிபோன் கிரிக்கெட் கிளப் தெரிவித்தது. தாள் பாதுகாப்புக்காகவா, பலத்துக்காகவா என்பதே அங்கு எழுந்த கேள்வி. இப்போது முகத்தின்மேல் ஒட்டும் பாதுகாப்புத் தாள் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்படக் கூடாது. நுனியில் ஒட்டும் ரப்பர் 3 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மூங்கிலால் மட்டை செய்து அது வில்லோவைவிட நல்லது என்றார்கள். மூங்கில் மரமல்ல, புல் வகை. அப்போதைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது! மேலுறை மேலுறையாகவே இருக்க வேண்டும், மரத்தின் வேலையை அது செய்யப் புறப்படக் கூடாது என்பதுதான் இந்தச் சட்டங்களின் சாரம்.

இந்த விசாரணை இவ்வளவில் இருக்கும்போது, முன்னாளில் நம்மிடம் படித்த மாணவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் கனடா தேசத்தில் இன்ஜினீயர். அவருடைய மகள் பனிச்சறுக்கு ஆடுகிறாளாம். "ஸார், மட்டைக்கு ஷீட் ஒட்ட எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இங்கே என் பெண்ணின் சறுக்குக் கட்டையில் மேல்தாள் ஓரமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து போகிறது. ஒரே வருஷம்தான் ஆகிறது. எந்த மேல்தாள் போட்ட கட்டையை வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். திண்டுக்கல்லில் உட்கார்ந்து கொண்டு பனிச்சறுக்குக் கட்டைக்கு வைத்தியம் சொல்லும்படியான யோகம் நமக்கு வாய்த்தது!

நம் நேயர்களில் பலர் பனியை வெள்ளித்திரையில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் நம் தேசத்திலேயே காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் உத்தராகண்டத்து ஔலியிலும் சறுக்குகிறார்கள். கால் ஒன்றுக்கு ஒரு நீண்ட கட்டை. அதன் நடுவில் இருப்பது மரம். அதற்கு மேலும் கீழும் கண்ணாடி நார். அடியில் வழுக்கும் பிளாஸ்டிக். இரண்டு ஓரங்களிலும் எஃகு விளிம்பு. எல்லாவற்றுக்கும் மேலே வர்ணச் சித்திரத்தோடு ஒரு மெல்லிய தாள். இவற்றில் 'ஃப்ரீஸ்டைல்' என்கிற ஜாதி, குதித்துக் கரணம் போட்டு, பின்பக்கமாகவும் இறங்குவதற்காக இரு நுனியும் மேலே வளைந்தது. 1992-இல் ஆல்பெர்வில் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்துக்கு முதன்முதல் பதக்கம் கொடுத்தார்கள். கரணம் போட்டுத் தரையில் விழும்போது ஒரு கட்டையின் எஃகு விளிம்பு மற்றொரு கட்டையின் மேல்தாளை வெட்டுகிறது. நம் மட்டைக்குப் பந்தும் சிமெண்டும் எப்படியோ, அதற்குத் தன் ஜோடிக் கட்டையே சத்துரு!

அங்கேயும் மேல்தாளில் மூன்று ஜாதிகள் பிரதானம். ஒன்று, பளபளப்பான கெட்டிப் பிளாஸ்டிக். இது இலேசில் கீறல் விழாது. ஆனால் கடுங்குளிரில் விறைத்து, வெட்டுப் பட்ட இடத்தில் சில்லாகத் தெறிக்கும். இரண்டாவது, நைலான் வகை. இதில் கீறல் விழும், தழும்பு தெரியும். ஆனால் குளிரிலும் இது வளைந்து கொடுக்கும், சுலபத்தில் தெறிக்காது. மூன்றாவது, சீவிய மரத் தாள். பார்க்க அழகு, ஆனால் அதன் பிழைப்பு அதன்மேல் பூசிய வார்னீஷின் கையில் இருக்கிறது. சில்லுப் பெயர்வதால் மட்டும் கட்டை உடைந்து விடாது. ஆனால் பெயர்ந்த இடத்தில் தண்ணீர் நுழைகிறது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. இரவுதோறும் இப்படிப் பருத்துப் பருத்து, அடுக்குகளுக்கு நடுவே ஆப்பு வைத்தது போல் நெம்பி, ஒட்டியிருப்பதைப் பிரிக்கிறது. அதனால்தான் கைதேர்ந்த கைவினைஞர்கள் மேல்தாளின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகச் சீவி விடுகிறார்கள். எஃகு வந்து மோதினால் வெட்டாமல் வழுக்கிக் கொண்டு போகும்.

இவற்றை வைத்துக் கொண்டு அவருக்குப் பதில் எழுதினோம்: "பளபளப்பைப் பாராதே, ஓரத்தைப் பார். குதிக்கிற ஆட்டத்துக்குக் கெட்டியான தாளைவிட வளைந்து கொடுக்கும் தாளே நல்லது. ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இருக்கிற கட்டையில் பெயர்ந்த சில்லை வெட்டி எடுத்துவிட்டு, நன்றாக உலர வைத்து, எபாக்ஸிப் பசையால் வாயை அடைத்துவிடு. ஆட்டம் முடிந்ததும் துடைத்து உலர்ந்த இடத்தில் வை. இரண்டு கட்டைகளையும் முகத்தோடு முகம் உராயும்படி கட்டாதே."

கடிதத்தை எழுதி முடித்தபோது ஒன்று நமக்கு நன்றாகத் துலங்கியது. பனியானால் என்ன, செம்மண்ணானால் என்ன? மேலுறையின் ஆயுள் அதன் நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. எங்கே அது முடிகிறதோ அங்கேதான் ஈரம் நுழைகிறது, அங்கேதான் பெயர்கிறது. கீறலே விழாத உறையைவிட, கீறலை ஏற்றுக் கொண்டு விடாமல் ஒட்டிக் கொண்டிருக்கிற உறையே மேலானது.

ஆனால் மேலுறையில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. அதைத்தான் பின்னால் சொல்வதாகக் குறிப்பிட்டோம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். தகப்பனார் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர். திண்டுக்கல் பூட்டைப் பற்றி நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பையன் ஒரு வருஷம் கையில் கிடைத்த காசையெல்லாம் சேர்த்து ஒரு மட்டை வாங்கி வந்தான். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். முகம் முழுவதும் கனமான வர்ணத் தாள்; நடுவில் ஒரு சிங்கம் கர்ஜித்துக் கொண்டிருந்தது. மூன்றாவது வாரத்தில், அணித் தேர்வுக்கு முதல் நாள், அடித்த அடியில் சத்தம் மாறியது. ஓடு விட்ட பானையைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். சிங்கத்தின் மேல் ஒரு கோடும் இல்லை. தாளின் ஓரத்தைப் பிடித்து மெள்ள உரித்தோம். அடியில் ஒரு பெரிய முடிச்சு. முடிச்சைச் சுற்றி மரத்தூளும் பசையும் கலந்த மக்கு. மக்கிலிருந்து நுனி வரையில் பழைய விரிசல் ஒன்று. தாள் அதை ஆற்றவில்லை, மறைத்திருந்தது.

பையன் ஒன்றும் பேசவில்லை. உரித்த தாளைச் சுருட்டி உறைக்குள் வைத்துக் கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மாலையில் தகப்பனார் மட்டையோடு வந்தார். கோபமாக வந்திருப்பார் என்று நினைத்தோம். அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டே சொன்னார்: "ஸார், எங்க தொழில்ல பாலிஷை எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். அது கடைசி வேலை. லீவர் சரியா உட்காரலேன்னா மேலே தங்கமே பூசினாலும் அது பூட்டு இல்லை. நாங்க பாலிஷ் போடறதுக்கு முன்னாலதான் ஸார் திறந்து பார்ப்போம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். 'முன்னால திறந்து பார்ப்போம்' என்றாரே, அதுதான் மேலுறை பற்றிய சாஸ்திரம் முழுவதும். மேலுறை நல்ல மரத்தைக் காப்பாற்றும். கெட்ட மரத்தை நல்லதாக்காது. அது மட்டுமல்ல, கெட்ட மரத்துக்குப் போட்ட உறை, வாங்குகிறவனுடைய கண்ணுக்குப் போட்ட உறையாகி விடுகிறது.

அந்த மட்டையை அவரே பட்டறைக்குக் கொண்டு போனார். மக்கைச் சுரண்டி எடுத்து, விரிசலில் பசை விட்டு, இடுக்கியில் இறுக்கிப் பிடித்துக் காய வைத்து, நுனியைச் சுற்றி மெழுகு நூலால் நெருக்கமாகக் கட்டிக் கொண்டு வந்தார். தோல் பந்துக்கு அது இனி லாயக்கில்லை. ரப்பர் பந்துக்கு இரண்டு வருஷம் உழைத்தது. பையன் பள்ளிக்கூடத்து மட்டையை வாங்கிக் கொண்டு தேர்வில் ஆடினான். பன்னிரண்டாவது ஆளாகத் தேறினான். அடுத்த வருஷம் பதினோரு பேரில் ஒருவனானான்.

அது முதல் நம் அலமாரியில் சில விதிகள் அமலில் இருக்கின்றன. வீட்டில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் உள்ள பெற்றோர்களுக்கு உபயோகப்படலாம் என்று இங்கே எழுதுகிறோம்.

மட்டையை வெறும் முகத்தோடுதான் வாங்க வேண்டும். வரிகள் நேராக நுனி வரை ஓடுகின்றனவா, முடிச்சு இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முகத்தை மூடிய மட்டையை, எவ்வளவு மலிவானாலும் தொட வேண்டாம்.

வாங்கிய பிறகு ஆளிவிதை எண்ணெயை ஒரு துணியில் தொட்டு முகத்துக்கும் விளிம்புக்கும் நுனிக்கும் மெல்லியதாக ஒரு பூச்சு; ஒரு நாள் படுக்கையாக உலர விட்டு இன்னொரு பூச்சு. கைப்பிடி பொருந்துகிற இடத்தில் எண்ணெய் படக் கூடாது. அங்குள்ள பசை தளர்ந்து போகும். பிறகு கொட்டாப்புளியால் தட்டிப் பழக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பக்கத்து வீட்டார் மன்னித்தருள வேண்டும்.

மரம் நன்றாக உலர்ந்து, தோல் இறுகிய பின்னரே ஷீட். மெல்லிய, தெளிந்த தாளாக இருக்கட்டும்; உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். விளிம்புகளுக்குக் கண்ணாடி நார் நாடா, நுனிக்கு ரப்பர். பின்புறத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். எல்லாப் பக்கமும் மூடினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். அந்தப் பின்புறத்துக்கு மட்டும் பருவத்துக்கு ஒரு முறை எண்ணெய்.

மாதம் ஒரு முறை ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓரம் எழும்பியிருந்தால் உடனே சரி செய்ய வேண்டும். கிழிந்திருந்தால் உரித்துவிட்டு, மரத்தைப் பரிசோதித்து, புதிது ஒட்ட வேண்டும். மட்டையைத் தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும், ஈரத் தரையிலும் வைக்கக் கூடாது. நம் அலமாரியைக் கூரையடியிலிருந்து இறக்கிக் கல் கட்டடத்துக்குள் கொண்டு வந்து வைத்ததே எந்த ஷீட்டையும்விட அதிகமாக மட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

இப்போது எண்ணெய்க் கட்சியாரும் ஷீட் கட்சியாரும் நம்மைப் பார்த்து, "ஸார், நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் சந்தா கட்டியிருக்கிறோம் என்பதே பதில். எண்ணெய் மரத்துக்கு, ஷீட் சிராய்ப்புக்கு, இரண்டுக்கும் முன்னால் கண். நம் பிள்ளைகளில் சிலர் புது ஷீட்டில் முதல் கீறல் விழுந்த அன்று சாப்பிடாமல் படுத்து விடுகிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: தம்பி, கீறல் விழுவதற்காகத்தான் அதை ஒட்டினோம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது, நீ போய் உன் வேலையைச் செய்.